மூன்றாவது டிஸ்கின் மேல் குங்குமம்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. டோல்கேட்டில் இறங்கி பஸ் மாறுவதற்குள் முட்டி வரை சேறு. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. எண்ணூர் ஹைரோடு முழுக்க டிரெய்லர் வரிசை. யார்டுக்கு வந்து சேர 9.40. சம்பத் சார் (எங்கள் மேனேஜர்) கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

புதுப் பெட்டி வந்துவிட்டது. ஆறு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டி.பி. கன்டெய்னர் யார்டில் உள்ள 48 கேமராவும் இனி இதில்தான் பதிவாகப் போகிறது. ஆறு டிஸ்கையும் எந்த முறையில் சேர்ப்பது என்று சோதித்துச் சொல்ல வேண்டியது நான். வெள்ளிக்குள் ரிப்போர்ட்.

சோதிக்க வேண்டியவை (டிஸ்குகளைச் சேர்க்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர்):
ரெய்டு 0 - ஆறிலும் பிரித்துப் பிரித்து எழுதும். பயங்கர வேகம். ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு.
ரெய்டு 5 - ஐந்து டிஸ்க் அளவு இடம், ஒரு டிஸ்க் அளவு கணக்கு. ஒன்று செத்தால் மிச்ச ஐந்தை வைத்துக் கணக்குப் போட்டு மீட்கலாம். இரண்டு செத்தால் கையை விரிக்க வேண்டியதுதான்.
ரெய்டு 6 - இரண்டு செத்தாலும் தாங்கும். இடம் குறைவு, எழுதுவதில் மெதுவு.
ரெய்டு 10 - ஜோடி ஜோடியாக. வேகமும் உண்டு, பத்திரமும் உண்டு. பாதி இடம் போய்விடும்.

ச. சாருக்கு வேண்டியது நாள். முப்பது நாள் பதிவு போதாதாம், நாற்பத்தைந்து வேண்டுமாம். அதனால் ரெய்டு 5 என்று சோதனைக்கு முன்பே முடிவு பண்ணிவிட்டார். பிறகு நான் எதற்கு?

மதியம் கேட்டுக்கு வெளியே முனீர் பாய். மழையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தார். சஸ்பென்ஷனில் இருப்பதால் உள்ளே விட மாட்டார்கள். அக்டோபர் 14 அன்று அவர் ரீச் ஸ்டாக்கர் வண்டியில் தூக்கி இறக்கிய கன்டெய்னரின் அடியில் ஏழுமலையின் வலது பாதம் மாட்டிக்கொண்டது. கணுக்கால் வரை எடுத்துவிட்டார்கள். சிக்னல் கொடுக்க நின்றது ஏழுமலைதான். "நிறுத்து" என்று கையைத் தூக்கினேன் என்கிறான் அவன். "இறக்கு" என்றுதான் காட்டினான் என்கிறார் பாய். 12-ஆம் தேதி விசாரணை. பாய் சிக்னல் பார்க்காமல் இறக்கினார் என்று முடிவானால் வேலை போகும். இருபத்திரண்டு வருஷ வேலை.

அந்த இடத்தைப் பார்த்த ஒரே கேமரா 14. விசாரணை வரை பதிவை யாரும் திறக்கக் கூடாது என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை. பழைய பெட்டியில் பேப்பர் ஒட்டி சீல் வைத்து ச. சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பாய் கேட்டார்: "கேமராவுல கீதில்லமா?"

"இருக்கு பாய். பத்திரமா இருக்கு."

பார்க்காமலேயே சொன்னேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பெட்டிகள் இருக்கும் கேபினில் ஏ.சி. சொட்டுகிறது, கீழே வாளி வைத்தேன். சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன். மறுபடி.

சோதனை நாள். நாளெல்லாம் சந்தோஷம், பொய் சொல்வானேன். 48 கேமரா எழுதுவது மாதிரி போலிப் பதிவுகளை ஓடவிட்டு அளந்தேன். 0 அம்பு மாதிரி பறக்கிறது. 10 நல்ல வேகம். 5 அதற்கடுத்து. 6 கடைசி, ஆனாலும் எங்கள் கேமராக்களுக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு. ஆக, எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது வேகம் ஒரு பிரச்சினையே இல்லை.

பிறகுதான் அசல் சோதனை. எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கை உருவினேன். 0: அங்கேயே சமாதி. 10: ஒன்றும் நடக்காத மாதிரி போயிற்று. 5: ஓடியது, ஆனால் மூச்சு வாங்கியது. வேகம் பாதிக்கும் கீழே. 6: கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். புது டிஸ்க் போட்டுத் திரும்பக் கட்ட 5-க்கு ஒன்பது மணி நேரம் காட்டியது. அந்த ஒன்பது மணி நேரமும் மிச்ச ஐந்து டிஸ்கையும் ஓரம் விடாமல் படித்தாக வேண்டும். அப்போது இன்னொன்று படுத்தால்?

கோமளாக்கா டீ கொண்டுவந்தார். ஆபீஸ் உதவியாளர், இருபது வருஷமாக இங்கே. நான் டிஸ்கை உருவுவதைப் பார்த்து, "நல்லா ஓடிகினு கீறத ஏன்டி புடுங்குற?" என்றார். விளக்கினேன். "அப்போ ஒடஞ்சா எப்டி கீதுன்னு பாக்க நீயே ஒடைக்கிற" என்றார். மூன்று பக்கத்தில் நான் எழுதியது அதுதான்.

ரிப்போர்ட்டில் முதல் வரி: நல்ல நாளின் வேகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஒரு டிஸ்க் இல்லாத நாளின் வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். எழுதிவிட்டு எனக்கே பெருமை.

நவம்பர் 5, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்குப் பழைய பெட்டியின் வேகமும் தேவைப்பட்டது. ஆறு டிஸ்க், ரெய்டு 5, மூன்று வருஷம் முன்பு நானே அமைத்தது. சீல் ஒட்டியிருப்பது பதிவைத் திறக்க கீபோர்டும் பென் டிரைவும் செருகும் இடத்தில். நிலவரப் பக்கத்தை என் மேசையிலிருந்தே பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. பார்த்தேன். இருக்க வேண்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. அளந்தது தப்பு என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதேதான்.

கேபினுக்கு ஓடினேன். ஆறு டிஸ்கின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. ஒரு மாதமாகக் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கின் முன்பக்கத்திலும் குட்டியாக வட்டமாக ஒரு விளக்கு. பொட்டு வைக்க வாகான இடம் வேறு ஏது, கோமளாக்கா சரியாக அதன் மேலேயே வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பூஜை கிடையாது, புத்தர் படத்துக்குப் பூ வைப்பதோடு சரி. ஆனாலும் அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான். ஆபீஸ் குரூப்பில் போட போட்டோவும் எடுத்தேன்.

துணியை நனைத்துத் துடைத்தேன். முதல் டிஸ்க், பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவது, சிவப்பு. நான்கு, பச்சை. ஐந்து பச்சைதான், ஆனால் விட்டு விட்டு, திக்கித் திக்கி. ஆறு, பச்சை.

பெட்டி தானாக எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தேன். டிஸ்க் 3 செத்தது அக்டோபர் 2. பூஜைக்கு மறுநாள். டிஸ்க் 5 படிக்கத் தாமதம், தாமதம், தாமதம் என்று பக்கம் பக்கமாக. ஒரு மாதமாக ஐந்து காலில், அதில் ஒன்று நொண்டி.

அலாரம் ஏன் அடிக்கவில்லை? அடித்திருக்கும், நான் விட்டிருந்தால். ஆகஸ்டில் கரன்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்டி கத்தியது. ச. சாரின் அறை பக்கத்துச் சுவர். "அந்தச் சத்தத்த நிறுத்தும்மா, போன் பேச முடியல" என்றார். ஒரு நாளைக்கு மட்டும் நிறுத்துவது ஒரு பட்டன், நிரந்தரமாக நிறுத்துவது இன்னொரு பட்டன். நான் எதை அமுக்கினேன் என்று இன்று போய்ப் பார்த்தேன். இரண்டாவதை.

கோமளாக்காவைக் குறை சொல்ல வாய் வரவில்லை. விளக்கை மறைத்தது அவர், ஆனால் சத்தத்தை நிறுத்தியது நான். அவருக்கு அது விளக்கு என்றே தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும்.

பயமாக இருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

காலையில் ச. சாரிடம் சொல்லிவிட்டேன். அலாரம் பற்றியும். அவர் முதலில் கதவைச் சாத்தினார்.

பெட்டி விற்ற கம்பெனியின் இன்ஜினியர் போனில்: புது டிஸ்க் போடுங்கள், தானே கட்டிக்கொள்ளும், ஒன்பது பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ச. சாருக்கு முகம் மலர்ந்தது. நான் கூடாது என்றேன். திரும்பக் கட்டும்போது 5-வது டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வேண்டும். அது இப்போதே திக்குகிறது. நடுவில் நின்றால் 48 கேமரா, முப்பது நாள், மொத்தமும் மண். முதலில் கேமரா 14-இன் அந்த ஒரு மணி நேரத்தை வெளியே எடுப்போம், கொஞ்சம்தான் படிக்க வேண்டியிருக்கும், பிறகு எதை வேண்டுமானாலும் கட்டுங்கள் என்றேன்.

"சீல் உடைக்கணுமே" என்றார்.

உடைக்கத்தான் வேண்டும். இன்னொரு கணக்கும் சொன்னேன். பெட்டி முப்பது நாள்தான் வைத்திருக்கும், பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். குறிப்பிட்ட பதிவை மட்டும் பூட்டி வைக்கும் வசதி இந்தப் பழைய பெட்டியில் இல்லை. 14-ஆம் தேதிப் பதிவு 13 அன்று அழியும். விசாரணை 12. பெட்டி அதுவரை உயிரோடு இருந்தால்.

தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டாரா என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் ரோஜாப்பூ மட்டும் தவறாமல் வருகிறது.

முனீர் பாய் போன். எடுக்கவில்லை. இரண்டு முறை.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். கடல் பக்கத்திலிருந்து ஏதோ கெமிக்கல் நாற்றம், தலைவலி.

ரிப்போர்ட் கொடுத்தேன். ரெய்டு 6. கூடவே ஒரு டிஸ்க் அலமாரியில் தயாராக. ச. சார் புரட்டிப் பார்த்து, "5 போட்டா இன்னும் எட்டு நாள் கூட வருமே" என்றார். பக்கத்து அறையில் ஒரு ரெய்டு 5 செத்துக்கொண்டிருக்கும்போது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கடிக்கவில்லை, "அந்த எட்டு நாள் பதிவையும் சேர்த்து இழக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

மணிக்கு ஒருமுறை கேபினுக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்கிறேன். 5-வது டிஸ்கிலிருந்து டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி டிக். உப்புக் காற்றில் பெட்டியின் திருகெல்லாம் துரு. கோமளாக்கா பின்னாலேயே வந்தார். பொட்டு விஷயம் தெரிந்துபோயிருக்கிறது. "நான் தான் காரணமாடி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மூலையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

வீட்டில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை. என் வீட்டுக்காரர் அன்புவுக்கு இருமல். ஜன்னலை அடைத்தால் புழுக்கம், திறந்தால் குப்பை எரியும் வாடை.

நவம்பர் 8, சனி

ச. சார் கிளம்பும்போது என் மேசை அருகில் நின்றார். "நாளைக்கு லீவு, யார்டுல ஆள் கம்மி" என்றார். "நான் ஒண்ணும் சொல்லல" என்றார். போய்விட்டார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். எழுத்தில் இல்லை. ஏதாவது ஆனால் என் தலை.

கோமளாக்காவை நாளை வரச் சொன்னேன். நான் செய்வதையெல்லாம் நேரத்தோடு நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

காலை 10.05 சீலைப் பிரித்தேன், கிழியாமல். கோமளாக்கா எழுதினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை.

10.20 நகல் எடுக்க ஆரம்பித்தது. கேமரா 14, அக்டோபர் 14, காலை 10 முதல் 11 வரை. சாதாரணமாக இரண்டு நிமிட வேலை.

10.50 - 18 சதவீதம்.

11.30 - 41. டிக் சத்தம் அடிக்கடி.

11.48 - 62. நின்றுவிட்டது. எண் நகரவில்லை. டிஸ்க் 5-இன் விளக்கு அணைந்தது. நான் எழுந்துவிட்டேன், எழுந்து என்ன செய்யப் போகிறேன், தெரியாது. கோமளாக்கா என்னைப் பார்க்கிறார், நான் விளக்கைப் பார்க்கிறேன். ஒரு நிமிடம் முழுதாக. விளக்கு வந்தது. 63.

ஃபேனை எடுத்து வந்து பெட்டி முன்னால் வைத்தோம். சூடு குறைந்தால் கொஞ்சம் நிதானப்படும். அதுதான் நான் படித்த படிப்புக்கு இப்போது உருப்படியான உபயோகம்.

1.15 - முடிந்தது. இரண்டு பென் டிரைவில் போட்டேன். பெட்டியின் குறிப்பேட்டையும் முழுசாக எடுத்துக்கொண்டேன். சீலைத் திரும்ப ஒட்டினோம். சாம்பார் சாதம் இருவரும் ஒரே டப்பாவில்.

பார்க்கவில்லை. தனியாகப் பார்த்தேன் என்று பேச்சு வரக் கூடாது. நாளை ச. சாரோடு.

சாயங்காலம் கல்மண்டபம் மார்க்கெட்டில் சங்கரா மீன். நாலு நாளில் முதல் முறையாகப் பசித்தது. முனீர் பாய்க்குப் போன் பண்ணி, பதிவை வெளியே எடுத்துவிட்டேன், கவலைப்படாதீர்கள் என்றேன். மறுபடியும் பார்க்காமல் வாய் விட்டேன். எனக்குப் புத்தி வராது.

நவம்பர் 10, திங்கள்

பார்த்தோம்.

10.42.17 - கன்டெய்னர் மார்பளவு உயரத்தில் தொங்குகிறது. ஏழுமலை பக்கத்தில். இரண்டு கையும் கீழே, கிளவுஸை இழுத்துச் சரிசெய்கிறான்.

10.42.28 - கன்டெய்னர் தரையில். ஏழுமலை விழுந்து கிடக்கிறான். ஆட்கள் ஓடி வருகிறார்கள்.

நடுவில் பதினோரு செகண்ட் இல்லை.

நகல் எடுத்ததில் தவறு என்று நினைத்து, சீலை மறுபடி பிரித்துப் பெட்டியிலேயே பார்த்தேன். அங்கேயும் இல்லை. கீழே ஓடும் கடிகாரம் 17-லிருந்து 28-க்குத் தாவுகிறது. குறிப்பேட்டைப் பார்த்ததும் புரிந்தது. 3-வது டிஸ்க் இல்லாததால் பெட்டி எல்லாவற்றையும் கணக்குப் போட்டே ஓட்ட வேண்டும். 5-வது டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றபோது பெட்டி அதற்காகக் காத்திருந்தது. காத்திருந்த நேரத்தில் கேமரா அனுப்பியதை எழுத முடியாமல் கீழே விட்டுவிட்டது. அன்று ஒரு நாளில் மட்டும் இப்படி முப்பத்தொன்பது இடத்தில். பெரும்பாலும் காலி சாலை, நிற்கும் லாரி. ஒன்று மட்டும் இது.

அக்டோபர் 2-ஆம் தேதியே நான் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்திருந்தால், அலாரத்தைக் கேட்டிருந்தால், அன்றே டிஸ்கை மாற்றியிருப்பேன். பதினோரு செகண்டும் இருந்திருக்கும்.

ச. சார் வீடியோவை அணைக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர்: "தமயந்தி, இந்த நகல் எடுக்கலன்னே வெச்சுக்கலாம். பதிமூணாம் தேதி அதுவா அழிஞ்சிடும். பழைய பெட்டி, முன்னாடியே அழிச்சிடுச்சின்னு சொல்லிடலாம். உனக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல."

"முனீர் பாய்க்கு, சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதிவு இல்லை என்றால் மிச்சம் இருப்பது காலை இழந்தவன் வார்த்தை. அதற்கு எதிராகப் பாய் வார்த்தை எடுபடாது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடி மழை. யார்டில் தண்ணீர்.

யோசித்தது:
அ) நகலை மட்டும் கொடுத்தால்: சீல் பிரிந்திருக்கிறது, நான் பாய்க்குப் பழக்கம், பதினோரு செகண்டை நான்தான் வெட்டினேன் என்பார்கள். பாய்க்கு இன்னும் கெடுதல்.
ஆ) நகலோடு குறிப்பேட்டையும் கொடுத்தால்: முப்பத்தொன்பது ஓட்டையும் தெரியும், யாரும் வெட்டவில்லை என்று நிரூபணம். கூடவே டிஸ்க் செத்த தேதி தெரியும். ஆகஸ்டில் அலாரம் நிறுத்தியதும் அதிலேயே இருக்கிறது. என் பெயரில், என் பாஸ்வேர்டில்.
இ) ச. சார் சொன்னது.

அன்புவிடம் சொன்னேன். காலையில் இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டார். "ராத்திரி தூங்க முடியாத வேல நமக்கு இன்னாத்துக்கு தமா" என்றார். அவ்வளவுதான். இருமினார். வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

முனீர் பாய் போன். இந்த முறை எடுத்தேன். உள்ளதைச் சொன்னேன், நடுவில் பதினோரு செகண்ட் இல்லை, காரணம் நான் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். பின்னால் வண்ணாரப்பேட்டைச் சத்தம், ஹாரன், யாரோ துணி விலை கத்துகிறார்கள். "கையி தெரியலியா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். "சரிமா" என்று வைத்துவிட்டார்.

திட்டியிருக்கலாம்.

ஆ.

நவம்பர் 12, புதன்

விசாரணை 11 மணிக்கு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, வெள்ளை முடி, கனிவாகப் பேசுகிற ஆள். அதுதான் பயம். ச. சார், முனீர் பாய் (இஸ்திரி போட்ட சட்டை), நான். ஏழுமலை வரவில்லை, ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய வாக்குமூலம் மட்டும். அதை வாசித்தபோது பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முறை வந்தபோது, "எறக்குன்னு கைய காட்னான் சார்" என்றார். போன மாதம் சொன்ன அதே வார்த்தை, ஆனால் சத்தம் உள்ளே போயிருந்தது.

வீடியோ போட்டேன். 17. 28. அதிகாரி நிறுத்தச் சொன்னார். யார் வெட்டினார்கள் என்று கேட்டார். குறிப்பேட்டின் பதினாறு பக்கத்தையும், கோமளாக்கா எழுதிய நோட்டையும் வைத்தேன். ரெய்டு 5 என்றால் என்ன, ஒன்று செத்தபின் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். போன வாரம் புதுப் பெட்டியில் டிஸ்கை உருவி அளந்த கணக்கையும் காட்டினேன். ரிப்போர்ட் இப்படிப் பயன்படும் என்று நினைக்கவில்லை.

"ஒரு டிஸ்க் போய் நாப்பது நாளாச்சு. அலாரம் அடிக்கலையா?"

"அடிக்காதபடி நான் நிறுத்தி வெச்சிருந்தேன் சார். ஆகஸ்ட்ல."

"யார் சொல்லி?"

ச. சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை நிறுத்தச் சொன்னவர் அவர். நிரந்தரமாக நிறுத்தியது நான். அதை அப்படியே சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல்.

நாலரைக்கு உத்தரவு. முனீர் பாய் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. வெள்ளி முதல் வேலைக்கு வரலாம். ஏழுமலையின் இழப்பீட்டுக்கு இதனால் பாதகமில்லை. எனக்கு மெமோ, ஒரு வாரத்தில் எழுத்து விளக்கம். ச. சாருக்கும் ஒன்று. புதுப் பெட்டி ரெய்டு 6.

வராண்டாவில் பாய்க்கு எல்லோரும் கை கொடுத்தார்கள். கோமளாக்கா சர்க்கரை அள்ளிக் கொடுத்தார். வேலை தப்பித்தது, இவ்வளவு போதும் என்று எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாய் என்னிடம் வரவில்லை. கோபமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

மெமோவுக்குப் பதில் எழுதினேன். ஒரு பக்கம். அடித்து அடித்து நாலாவது தாள்.

புதுப் பெட்டி ஓட ஆரம்பித்தது. ஆறும் பச்சை. அலாரத்தைச் சோதித்தேன். ச. சார் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பழைய பெட்டியை மதியம் அணைத்தேன். அணைத்ததும் கேபின் விநோதமாக அமைதியாகிவிட்டது.

சிலிண்டர் புக் பண்ணியாயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். யார்டு காய்கிறது. சீக்கிரமே வந்துவிட்டேன், 8.15.

கேபின் வாசலில் முனீர் பாய். யூனிஃபார்ம், ஹெல்மெட் கையில். ஷிஃப்ட் எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டது.

"ஏறலையா பாய்?"

"அப்பால. அந்த வீடியோ கீதில்ல, ஒரு வாட்டி போடு."

அதில் ஒன்றும் இல்லையே, நடுவில்தான் இல்லை என்றேன். தெரியும், போடு என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போட்டேன். 17. 28. மறுபடி போடச் சொன்னார். 17-இல் நிறுத்தச் சொன்னார். திரையில் ஏழுமலை கிளவுஸை இழுத்துக்கொண்டு நிற்கிறான். பாய் கிட்டத்தில் போய்ப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"இருவத்தி ரெண்டு வருசமா எறக்கிகினு கீறேன்" என்றார். "கைய காட்னான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். வூட்லயும் அத்தான் சொன்னேன். நெசமா எனுக்கு நெனப்பே இல்லமா. பாத்துட்டு எறக்கினேனா, பழக்கத்துல எறக்கிட்டேனா, தெர்ல. நீ காட்டுவ, அப்போ தெரிஞ்சிக்கலாம்னு இருந்தேன்."

வேலைக்காகத்தான் கேட்கிறார் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அழிஞ்சத எல்லாம் திரும்ப எடுக்கறாங்களாமே. எங்கனா குடுத்துப் பாக்கலாமா?"

"அழியல பாய். பெட்டி அத எழுதவே இல்ல."

தலையை ஆட்டினார். வெளியே யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், வண்டி தயார் என்று. அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடுமா."

போட்டேன்.